ஈரம் ஏறிக் கட்டியான ரீஃப் உப்பு: உடைத்துப் போடலாமா, கொட்டிவிடலாமா?

பாளைத்தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் 200 லிட்டரில் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். ஸோவா, காளான் பவளம், தோல் பவளம் என்று எல்லாமே மென்பவளங்கள். கூடவே ஒரு ஜோடி க்ளவுன் மீன்.

நண்பர் ஒருவருக்கு வேலை மாற்றல். தொட்டியைக் கலைத்துவிட்டு, பாதிக்கு மேல் ரீஃப் உப்பு (தண்ணீரில் கரைத்துத் தொட்டிக்குக் கடல்நீர் தயாரிக்கும் கலவை) இருந்த 20 கிலோ வாளியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாடிப்படிக்கு அடியில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்த வாளி. மூடியின் ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிதுங்கி நிற்கிறது. திறந்தால் மேலே விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடு. கரண்டியால் தட்டினால் டங்கென்று சத்தம். ஓட்டைப் பெயர்த்தால் உள்ளே பிசுபிசுப்பு. வாளியைச் சாய்த்தால் அடியில் எண்ணெய்ப் பசையோடு ஒரு நீர் மெதுவாக ஓரத்துக்கு வருகிறது. கெட்ட வாடை எதுவும் இல்லை.

அதே கம்பெனியின் பிரிக்காத 4 கிலோ பை ஒன்றும் கையில் இருக்கிறது. இந்த வாளியை என்ன செய்யலாம்? விலையை நினைத்தால் கொட்ட மனம் வரவில்லை. தொட்டியை நினைத்தால் போட மனம் வரவில்லை.

வள்ளியூர்க்காற்று:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மழை விட்டதும் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துப் பரப்பி விடுங்கள். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். அடியில் நிற்கும் தண்ணீரை முதலில் வடித்துவிட்டால் இன்னும் சீக்கிரம் காயும்.

குறுக்குத்துறை:
கொட்டிவிடுங்கள். பவளம் செத்தால் உப்புக் காசுபோல் பல மடங்கு போகும்.

முத்துநகர்:
வள்ளியூர்த் தம்பி, தயவு செய்து அந்தத் தண்ணீரை மட்டும் வடிக்கச் சொல்லாதீர்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் குடும்பம் எங்களுடையது, அதனால் சொல்கிறேன்.

கடல்நீரைப் பாத்தியில் காயவிட்டால் எல்லா உப்பும் ஒன்றாக இறங்காது. முதலில் சுண்ணாம்பு படியும். அப்புறம் ஜிப்சம். அடர்த்தி 25 பாமே அளவை எட்டியதும்தான் நாம் சாப்பிடும் உப்பு விழ ஆரம்பிக்கும். அதை வாரிய பிறகும் மிச்சமாக ஒரு கசப்பு நீர் நிற்கும். தொட்டால் வழவழப்பாக இருக்கும். சித்திரை வெயிலிலும் அது காய்ந்து பொடியாவதில்லை. அதில் இருப்பது பெரும்பாலும் மெக்னீசியம். சாதா உப்பில் அது கலந்தால் கசக்கும், ஈரம் கோக்கும் என்றுதான் வடித்துத் தள்ளுகிறோம்.

பாளைக்காரர் வாளியில் எண்ணெய்ப் பசையோடு ஓடுவதும் ஏறக்குறைய அந்தச் சரக்குதான். உப்பளத்தில் அது கழிவு. பவளத் தொட்டிக்கு அதுதான் உயிர். அதை வடித்துவிட்டால் மெக்னீசியமும் கால்சியமும் குறைந்த உப்புதான் மிஞ்சும்.

இங்கே அடிக்கடி வரும் இன்னொரு கேள்விக்கும் இதே பதில்தான். "தூத்துக்குடி கல் உப்பே கடலிலிருந்துதானே வருகிறது, அதைக் கரைத்துத் தொட்டியில் விட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். பாத்தியில் வாரும்போதே கடலில் பாதி விஷயம் பிரிந்து போய்விடுகிறது. கல் உப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் தண்ணீர் கிடைக்காது.

வேதியியல் வாத்தியார்:
முத்துநகர் அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. அதோடு வேதியியல் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ரீஃப் உப்பு ஒரே பொருள் இல்லை. சோடியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு, சோடியம் சல்ஃபேட், பொட்டாசியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட் இவற்றோடு சிறிதளவு ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, போரேட் எல்லாம் பொடியாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. காய்ந்திருக்கும் வரை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் சாதா உப்பு நீர்க்கத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும், கால்சியம் குளோரைடுக்கு 30 வாக்கில். மழைக்காலத்தில் நம்மூர்க் காற்றில் 80, 90 என்று இருக்கிறது. அதனால் மூடி சரியில்லாத வாளியில் முதலில் நீர்ப்பது இந்த இரண்டும்தான். இதனால்தான் மொட்டை மாடி யோசனையும் பலிக்காது. 30 சதவீதத்துக்குக் கீழான காற்று இந்த மாதங்களில் நமக்குக் கிடைக்காது. பரப்பி வைத்தால் இன்னும் அதிக ஈரத்தைத்தான் இழுக்கும், தூசியும் சேரும்.

ஈரம் ஏறியதால் மட்டும் உப்பு கெடுவதில்லை. தண்ணீரில் கரைக்கத்தானே போகிறோம். கெடுதல் வேறு இடத்தில் நடக்கிறது. நீர்த்துப்போன கால்சியம் குளோரைடு பக்கத்தில் கிடக்கும் பைகார்பனேட் துகளைத் தொட்டதும் இரண்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். சுண்ணாம்புக்கல் அது. ஒருமுறை ஆகிவிட்டால், பி.எச் 8க்கு மேல் இருக்கும் கடல்நீரில் திரும்பக் கரையாது. தொட்டியில் போய்ச் சேரவேண்டிய கார்பனேட் வலு வாளியிலேயே கல்லாகிவிடும்.

எவ்வளவு கல்லானது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கட்டி கெட்டியாக இருப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரும்பாக இறுகிய உப்பு அளவெல்லாம் சரியாகக் காட்டுவதும் உண்டு, லேசாக ஈரம்பட்டது கார்பனேட்டை இழந்து நிற்பதும் உண்டு. அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

அளக்கும்போது கார்பனேட் கடினத்தை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டைக் காட்டும் டி.கே.எச் அளவை, முதலில் பாருங்கள். கால்சியத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 1 டி.கே.எச் கல்லாகும்போது லிட்டருக்கு 7 மி.கி. கால்சியம்தான் அதோடு சேர்ந்து குறைகிறது. 420 இருந்த இடத்தில் 413 என்றால் நம் கையில் இருக்கும் சோதனைப் பெட்டியில் அது தெரியவே தெரியாது. டி.கே.எச் 8 இருந்த இடத்தில் 7 என்றால் உடனே தெரியும்.

அடுப்பில் வறுக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பைகார்பனேட் சூட்டில் சிதையும். 100 டிகிரியைத் தாண்டியதும் மெக்னீசியம் குளோரைடு சிதைந்து அமில ஆவி விடத் தொடங்கும். அது மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

உவரிக்கடல்:
கடலே பக்கத்தில் இருக்கும்போது ஏன் இவ்வளவு பாடு? நான் உவரியில் தண்ணீர் எடுத்து, துணியில் வடிகட்டி, இருட்டில் மூடிவைத்துப் பயன்படுத்துகிறேன். நன்றாகவே இருக்கிறது.

முத்துநகர்:
கோடையில் சரி, தம்பி. ஐப்பசி, கார்த்திகையில் யோசித்துச் செய்யுங்கள். தாமிரபரணி புன்னைக்காயல் பக்கம் கடலில் விழுகிறது. மழைவெள்ளம் வரும்போது கரையோரம் நெடுகக் கலங்கி, உப்பளவும் இறங்கிவிடும். உவரி தள்ளி இருந்தாலும் ஓடைத் தண்ணீர் எல்லா ஊரிலும் கடலுக்குத்தான் போகிறது. எடுத்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பார்க்காமல் ஊற்றாதீர்கள். துறைமுகம், படகுகள் நிற்கும் இடங்களின் பக்கமே போகவேண்டாம்.

பாளைத்தொட்டி:
வாத்தியார் ஐயா, முத்துநகர் அண்ணாச்சி இருவருக்கும் நன்றி. வடிக்கவில்லை, காயவைக்கவும் இல்லை. வாளியில் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்து, அந்த நீரையும் கொஞ்சம் சேர்த்து, 5 லிட்டரில் கரைத்தேன். முதலில் வெள்ளையாகக் கலங்கியது, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. மறுநாள் காலை தெளிந்துவிட்டது. ஆனால் அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு. பக்கெட் சுவரிலும் தேய்த்தால் சொரசொரக்கிறது.

டி.கே.எச் 7.4 வந்தது. இயற்கைக் கடல்நீரிலேயே 6.5 முதல் 7 வரைதானே? அப்படியானால் இது போதுமா?

சாரல்_தென்காசி:
எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள் தம்பி?

பாளைத்தொட்டி:
சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் அக்கா.

சாரல்_தென்காசி:
அங்கேதான் இருக்கிறது விஷயம். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. கருவிகளில் பெரும்பாலானவை ருசிக்காக ஆர்.ஓ. சவ்வு வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும், இல்லையென்றால் தாதுக்கள் சேர்க்கும். அந்தத் தண்ணீருக்கே ஒரு டி.கே.எச் இருக்கும். போர்வெல் வீடு என்றால் இன்னும் அதிகமாகவே இருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அப்புறம் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டும் டி.ஐ. தண்ணீரில் (அயனி நீக்கிய தண்ணீர்) இரண்டு உப்பையும், வாளி உப்பையும் பிரிக்காத பை உப்பையும், தனித்தனியாகக் கரைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. எடை போட்டுக் கரைக்காதீர்கள். ஈர உப்பின் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். இரண்டையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பளவுக்குக் கொண்டுவந்த பிறகே மற்றதை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா அளவும் குறைவாகத் தெரியும், தப்பான முடிவுக்கு வருவோம். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி நியமக் கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறது என்பதால் 35இலும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது.

வள்ளியூர்க்காற்று:
குறையும் டி.கே.எச்சுக்கு ஒரு யோசனை. கடற்கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளைப் பொறுக்கிக் கலக்கும் பக்கெட்டில் போட்டு வைத்தால், சுண்ணாம்பு கரைந்து ஏறாதா?

நெறியாளர்:
இதை இங்கேயே நிறுத்திக்கொள்வோம். 2001இலிருந்து கெட்டிப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கியது, செத்தது என்பது விலக்கு ஆகாது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்துக் காப்பாற்றி வருகிற பவளங்கள் அவை. நமக்கு இந்தப் பொழுதுபோக்கின் மேல் இருக்கும் பிரியம் அந்தக் கடல் மேலும் இருக்க வேண்டும். பொறுக்குவது பற்றி இந்தக் குழுவில் யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

வேதியியல் வாத்தியார்:
நெறியாளர் சொன்னதே போதும். வேதியியல்படியும் அது பலிக்காது. பவளத் துண்டும் கால்சியம் கார்பனேட்தான். வாளியில் உருவான படிவும் அதேதான். படிவு கரையாத தண்ணீரில் பவளத் துண்டு மட்டும் எப்படிக் கரையும்?

பாளைத்தம்பி, அந்தப் படிவை ஒன்று செய்து பாருங்கள். மேலே நிற்கும் உப்புநீரை வடித்துவிட்டு, டி.ஐ. தண்ணீரால் ஒருமுறை கழுவி, இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கார்பனேட். நுரைக்காமல் கிடந்தால் ஜிப்சமாக இருக்கலாம். ஜிப்சம் என்றால் கவலை குறைவு, கூடுதல் நேரம் நீரோட்டம் கொடுத்தால் கடல்நீரில் மெதுவாகக் கரைந்துவிடும்.

பாளைத்தொட்டி:
அக்கா சொன்னது அப்படியே சரி. சமையலறைத் தண்ணீர் மட்டுமே 1.7 காட்டுகிறது.

டி.ஐ. தண்ணீரில், இரண்டையும் 35 பிபிடிக்குக் கொண்டுவந்து அளந்தது இது. பிரிக்காத பை: டி.கே.எச் 8.2, கால்சியம் 425, மெக்னீசியம் 1320. வாளி உப்பு: டி.கே.எச் 5.6, கால்சியம் 405, மெக்னீசியம் 1310. பை உப்பு லிட்டருக்கு 38 கிராம் பிடித்தது, வாளி உப்பு 41 கிராம்.

படிவில் வினிகர் விட்டேன். சொட்டு விழுந்த இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பி, ஓரமாக வெள்ளை வளையம் கட்டி, அப்புறம் கரைந்தே போய்விட்டது.

வேதியியல் வாத்தியார்:
அருமையாக அளந்திருக்கிறீர்கள். கணக்கு பொருந்தி வருவதைப் பாருங்கள். 2.6 டி.கே.எச் போயிருக்கிறது. அதை 7ஆல் பெருக்கினால் கால்சியம் 18, 19 குறைந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது 20. மெக்னீசியம் அசையவில்லை. அந்த நீரை வடிக்காமல் விட்டதால்தான் அது அசையவில்லை. ஆக இந்த உப்பில் நடந்தது கார்பனேட் இழப்பு மட்டும்தான், அதைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

100 லிட்டரில் 1 டி.கே.எச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். கடையில் ஆப்பச் சோடா என்று கேட்டால் கொடுப்பது அதுதான். பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் மட்டுமே இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். எத்தனை லிட்டர் கலக்குவீர்கள்?

பாளைத்தொட்டி:
60 லிட்டர் ட்ரம்.

வேதியியல் வாத்தியார்:
அப்படியானால் 2.6க்கு 4.7 கிராம். உப்பு முழுதும் கரைந்து, தண்ணீர் தெளிந்து, படிவு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் வேறு ட்ரம்முக்கு மாற்றுங்கள். ஆப்பச் சோடாவைத் தனியாக ஒரு டம்ளர் டி.ஐ. தண்ணீரில் கரைத்து, ஓட்டம் அடிக்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பொடியாக அள்ளிப் போட்டால் விழுந்த இடத்திலேயே மறுபடி கல்லாகும். சில மணி நேரம் கழித்து அளந்து, வேண்டுமானால் மீதியைச் சரிசெய்யுங்கள். கால்சியம் 405 இருப்பதால் மென்பவளங்களுக்கு அதைத் தொடவே வேண்டாம். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 100 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 10 மி.கி. ஏற்ற 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள்.

பயத்துக்கும் ஒரு அளவு சொல்கிறேன். 200 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் மாற்றும்போது, இந்த 5.6 தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தாலும் தொட்டியின் டி.கே.எச் 8.2இலிருந்து ஏறத்தாழ 7.9க்குத்தான் இறங்கும். பவளம் அதைத் தாங்கும். வாராவாரம் தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதும், ஏதோ அவசரத்தில் பாதித் தொட்டியை ஒரே நாளில் மாற்றுவதும்தான் ஆபத்து.

குறுக்குத்துறை:
நான் கொட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, வாத்தியார் ஐயா. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை அது. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூழ்கடிப்பது எங்களுக்குப் பழகியதுதான், ஆனால் அந்தத் தடவை தெருவுக்குள்ளும் வந்தது. உப்பு வாளி மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. வெள்ளம் வடிந்து திறந்தபோது உப்பின் மேல் பழுப்பு வரி ஒன்று ஓடியிருந்தது, சாக்கடை வாடையும் இருந்தது.

வேதியியல் வாத்தியார்:
நீங்கள் கொட்டியது மிகவும் சரி. காற்றிலிருந்து வந்த ஈரம் வெறும் தண்ணீர். வெள்ளத்தில் வந்ததில் சாக்கடை, டீசல், வயல் மருந்து எல்லாம் இருக்கும், எந்தச் சோதனைப் பெட்டியும் அத்தனையையும் காட்டாது. நிறம் மாறியிருந்தாலோ, வாடை இருந்தாலோ, துருப்பிடித்த டின்னில் இருந்தாலோ, அளக்கக்கூட வேண்டாம், கொட்டிவிட வேண்டியதுதான். தென்னை மரத்தின் தூரில் உப்பு போடும் வழக்கம் உண்டு என்பதற்காக வாளியை அப்படியே ஒரு மரத்தடியில் கவிழ்க்காதீர்கள். அவ்வளவு உப்பை அந்த மண் தாங்காது, கிணறு பக்கத்தில் இருந்தால் அதற்கும் கேடு.

சாரல்_தென்காசி:
சேமிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல், ஐப்பசியில் மறுபடி மழை, ஆண்டில் பாதி நாள் துணியே காயாது. அதனால் பெரிய பை வாங்கியதும், வெயிலடிக்கும் நாளில், பிரிப்பதற்கு முன் தரையில் நன்றாக உருட்டிவிடுவேன். வண்டியில் வரும்போது பொடி அடியிலும் பெரிய மணிகள் மேலுமாகப் பிரிந்திருக்கும். பிறகு ஒரு தடவை தண்ணீர் மாற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகத் தடித்த பாலிதீன் பைகளில் கட்டி, ரப்பர் வளைய மூடி போட்ட ட்ரம்மில் அடுக்கிவிடுவேன். ஒரு பை பிரித்தால் அது முழுதும் அன்றைக்கே தீர்ந்துவிடும். மீதி என்று ஒன்று திறந்து கிடப்பதே இல்லை.

தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். வீட்டிலேயே ஈரம் அதிகமான இடம் அதுதான்.

உவரிக்கடல்:
சிலிக்கா ஜெல் பை போட்டால் போதாதா அக்கா?

வேதியியல் வாத்தியார்:
பெரிதாக உதவாது தம்பி. பீரோவுக்குள் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாக்களில் இருப்பதே கால்சியம் குளோரைடுதான். அது உப்பில் தாராளமாகக் கலந்திருக்கிறது. அதை முந்திக்கொண்டு சின்ன ஜெல் பை எவ்வளவு உறிஞ்சிவிடும்? அந்தக் காசுக்கு நல்ல மூடியாக வாங்குங்கள்.

பாளைத்தொட்டி:
60 லிட்டர் கலந்து, தெளிந்ததை மாற்றி, 4.7 கிராம் விட்டேன். மறுநாள் 8.1. தொட்டியில் 20 லிட்டர் மாற்றியாயிற்று. தோல் பவளம் மட்டும் அன்று சாயங்காலம் வரை சுருங்கியிருந்தது, அது எப்போது தண்ணீர் மாற்றினாலும் அப்படித்தான். ஸோவா எல்லாம் விளக்கு அணையும் வரை விரிந்தே இருந்தன.

வாளியில் மீதி உள்ளதை ரப்பர் சுத்தியலால் பைக்குள் வைத்தே உடைத்து, நீரோடு சேர்த்துப் பிசறி, பைகளில் கட்டிவிட்டேன். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கீறல் இருக்கும் விரலில் அந்த நீர் பட்டால் சுரீரென்று எரிகிறது.

வேதியியல் வாத்தியார்:
நல்லது. ஒவ்வொரு பையையும் கரைத்த பிறகு டி.கே.எச் பார்த்தே சோடா விடுங்கள். ஈரம் உள்ளே இருக்கிறது, அதனால் பைக்குள்ளேயும் வேலை மெதுவாக நடந்துகொண்டிருக்கும். அடுத்த பை 5.6 காட்டும் என்று இல்லை. தள்ளிப்போடாமல் இதை முதலில் தீர்த்துவிட்டு, அப்புறம் அந்த 4 கிலோ பைக்குப் போங்கள்.

வள்ளியூர்க்காற்று:
ஐயா, என்னிடமும் கட்டியான பை ஒன்று இருக்கிறது. என் தொட்டியில் பவளமே இல்லை, மீன் மட்டும்தான். அளக்காமல் போடலாம்தானே?

வேதியியல் வாத்தியார்:
மீனுக்குக் கால்சியம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. ஆனால் டி.கே.எச் பாருங்கள் தம்பி. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்கள் அதைத்தான் செலவழிக்கின்றன. ஏற்கெனவே குறைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பி.எச் இறங்கத் தொடங்கும். ஒரு லிட்டர் கரைத்து அளந்து எண்ணை இங்கே போடுங்கள், எவ்வளவு சோடா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.